தார் போட்டாயிற்று, இனியாவது மேலே வாருங்கள் சம்பந்தி

மாரியம்மன் துணை

டயகம, மேல்கணக்கு
சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை, 1961

றொசல்ல ரயில்பாதைக் கங்காணியாரும் என் மகள் மீனம்மாவின் மாமனாருமாகிய மரியாதைக்குரிய சம்பந்தி பொன்னையா அவர்களுக்கு, டயகமத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீரய்யா கைகூப்பி எழுதிக்கொண்டது.

இங்கு நானும், என் மனைவி சண்முகவடிவும், தங்கள் மருமகளும், இன்னும் பெயர் வைக்கப்படாத தங்கள் பேரனும், எங்கள் பசுமாடும், தை மாதம் போட்ட தார் ரோடும் நல்ல சுகம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மா ராக்காயி அவர்களும், மாப்பிள்ளை அழகுமுத்துவும், தங்கள் பொறுப்பிலுள்ள தண்டவாளங்களும் அவ்வாறே சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

ரோட்டுக்கும் சேர்த்துச் சுகம் எழுதுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தாங்கள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. சிரித்துவிட்டு மேலே படியுங்கள். பேரன் பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தீர்கள், சந்தோஷம். ஆனால் அதற்கு மேல் ஓர் அடி தோட்டத்துப் பக்கம் ஏறாமல், "எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்று திரும்பிவிட்டீர்கள். மகளை எப்படிக் கொண்டுவந்து சேர்த்தோம் என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு நீண்டிருக்காது.

தங்கள் கோபம் எங்கே தொடங்கியது என்பது எனக்கு மறக்கவில்லை. மீனம்மாவின் வளைகாப்புக்கு வாடகைக் காரில் வந்தீர்கள். அக்கரப்பத்தனை தாண்டியதும் தங்கள் தலை காரின் கூரையில் முட்டத் தொடங்கி, எங்கள் வாசலில் இறங்கும்வரை முட்டிக்கொண்டே வந்ததாகத் தாங்களே சொன்னீர்கள். சம்பந்தியம்மா கொண்டை அவிழ்ந்து, யாரோ அடித்து அனுப்பியதுபோல் இறங்கினார்கள். டிரைவர் எங்களிடம் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், கழன்று விழுந்த சக்கர மூடியைத் தேடி வந்த வழியே நடந்து போனார். அதோடு விட்டதா? ஹட்டனில் ஆசையாசையாக வாங்கிய கண்ணாடி வளையல் பெட்டியைத் திறந்தால் உள்ளே பச்சையும் சிவப்புமாகத் தூள். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "வயித்துப்புள்ளக்காரிக்குக் கொண்டாந்த வளையலு இப்படியா ஆகணும்?" என்று சம்பந்தியம்மா கண் கலங்க, தாங்கள் என்னைப் பார்த்து, "சம்பந்தி, இது ரோடா, இல்ல தண்ணி வத்திப்போன ஆறா? எம் மருமகளை இந்த ரோட்டுக்கு மேல வெச்சுக்கிட்டு நீங்க என்னத்தப் பண்ணப் போறீங்க? பேசாம றொசல்லைக்கு அனுப்புங்க. ரயிலு நம்ம வாசல்ல வந்து நிக்கிது" என்றீர்கள். "தலைப்பிரசவம் தாய் வீட்லதாங்க. அத மாத்த ஏலாது" என்றேன். "அப்ப ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்கள். பாயசம் இரண்டாந்தரம் கேட்கவில்லை. தங்கள் கோபம் எவ்வளவு என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. தை பிறந்ததும் தார் வருகிறது என்று பெரிய துரை கந்தோரில் பேச்சு அடிபட்டது. கந்தோர்ப் பேச்சை நம்பி மகளை வைத்துக்கொள்ளலாமா என்று சண்முகவடிவு ராத்திரி பகலாக என்னை அரித்தாள். ஆனால் தார் வந்தேவிட்டது. முதலில் ரோட்டு இலாகாவின் ஆட்கள், பின்னால் தார்ப் பீப்பாய்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு ரோலர். அதற்குப் பெரிய துரையே காரை ஒதுக்கி வழிவிட்டார். பள்ளத்தில் கருங்கல்லைக் கொட்டி, அதற்கு மேல் சிறுகல்லைப் பரப்பி, கொதிக்கக் கொதிக்கத் தாரை ஊற்றி அவர்கள் ரோட்டை நீட்டிக்கொண்டு வந்த அழகை, கொழுந்து பறிக்கும் பெண்கள் மலையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கூடை நிறையவில்லையே என்று அதட்டப் போன நானும் அவர்களோடு நின்று பார்த்தேன். ரோலர் ஓட்டியவர் ஒரு சிங்களப் பெரியவர். சண்முகவடிவு கொண்டுபோய்க் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தான் உருட்டிச் சமன்செய்த துண்டைத் திரும்பிப் பார்த்து, "பார லஸ்ஸனய் நேத, மாத்தயா?" என்று கேட்டார். ரோடு அழகாக இருக்கிறது இல்லையா என்று, பெற்ற பிள்ளையைக் காட்டிக் கேட்பதுபோல் கேட்டார். "பொஹோம லஸ்ஸனய்", ரொம்ப அழகு என்று நானும் மனதாரச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், அந்த அழகை மிதித்துப் பார்க்கும் ஆசையில், தார் ஆறும் முன்பே காலை வைத்துவிட்டேன். கால் திரும்பி வந்தது, செருப்பு வரவில்லை. குனிந்து இழுப்பதற்குள் ரோலர் வந்துவிட்டது. என் வலது கால் செருப்பு இன்றைக்கும், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைமடுவத்து வளைவில் ரோட்டோடு ரோடாகக் கிடக்கிறது. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அரசாங்க ரோட்டில் தன் பொருள் ஒன்று இருக்கிறது என்று இந்த மலையில் வேறு யார் சொல்ல முடியும்?

அந்த ரோட்டால் எங்களுக்கு வந்த நன்மைகளை எழுதத் தொடங்கினால் கடதாசி போதாது. லிந்துலைச் சந்தையில் வாங்கிய முட்டை இப்போது முட்டையாகவே வீடு வந்து சேருகிறது. முதல் தடவை சண்முகவடிவு நம்பாமல் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். மழை பெய்தால் தண்ணீர் இரண்டு பக்கக் கானிலும் ஓடிவிடுகிறது, முழங்கால் சேற்றில் இறங்கி ஒருவரை ஒருவர் இழுத்துவிடும் வேலை இல்லை. அட்டைகள் தாரில் ஏறுவதில்லை. கூடையோடு மலையிலிருந்து இறங்கும் பெண்கள் ரோட்டுக்கு வந்ததும் காலில் ஒட்டியதைத் தட்டிவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி கைவீசிக் கதை பேசி நடக்கிறார்கள். தபால்காரர் சைக்கிளிலிருந்து இறங்காமலே கடிதம் தருகிறார். எங்கள் பசுமாடு மட்டும் முதலில் அதில் கால் வைக்க மாட்டேன் என்று நின்றது. வெயில் பட்ட தாரின் வெதுவெதுப்பைக் கண்டுகொண்ட பிறகு அது தொழுவத்தில் படுப்பதே இல்லை. அதை எழுப்ப லொறிக்காரர் இறங்கிவந்து கெஞ்ச வேண்டியிருக்கிறது. ரோட்டைப் பிடிக்காத ஒரே ஆள் ஸ்டோரில் தேயிலை பதம் பார்க்கிற டீமேக்கர் ஐயாதான். முன்பெல்லாம் துரையின் கார் கீழ்க்கணக்கில் கிளம்பும்போதே தடதடவென்று ஸ்டோருக்குக் கேட்கும். தூங்குகிறவர் எழுந்து, முகம் கழுவி, தலை வாரி, வேலை செய்கிற பாவனையில் நிற்பதற்கு நேரமிருந்தது. இப்போது கார் பூனை மாதிரி வந்து நிற்கிறது. பாவம், அவருக்குத் தூக்கம் போயிற்று.

மாசித் திருவிழாவையும் சொல்லிவிடுகிறேன். ரோட்டுப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும் தேரை நெம்பி எடுத்துக் கோயில் சேர்ப்பதற்கு எங்களுக்கு வழக்கமாக மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தோட்டத்தின் இரண்டு பிரிவு ஆம்பிளைகளும் வேண்டும். இந்த வருடமும் அதே பழக்கத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்து வடத்தை இழுத்தார்கள். தேர் ஒரே இழுப்பில் இழுத்தவர்களை முந்திக்கொண்டு இறக்கத்தில் இறங்கிவிட்டது. வடம் பிடித்தவர்கள் இரண்டு பக்கமும் தேயிலைக்குள் பாய்ந்தார்கள். தேரில் இருந்த பூசாரி ஒரு கையில் கற்பூரத் தட்டையும் மறு கையில் அம்மனின் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, "நில்லு தாயே! எங்க போற தாயே!" என்று அலறுகிறார். மேளக்காரர்கள் நிறுத்துவதா அடிப்பதா தெரியாமல் அடித்துக்கொண்டே பின்னால் ஓடுகிறார்கள். அம்மன் தன் கோயிலைத் தாண்டி, ஸ்டோரைத் தாண்டி, துரை பங்களாவுக்கே போய்விட்டாள். நல்ல வேளையாக, அன்னதானத்துக்கு அரிசி ஏற்றிக்கொண்டு எங்கள் தோட்டத்து லொறி டிரைவர் இக்னேசியஸ் எதிரே வந்தார். லொறியைக் குறுக்கே நிறுத்தி, "மாதாவே!" என்று கத்திக்கொண்டு அரிசி மூட்டைகளை உருட்டிவிட்டார். தேர் அதில் முட்டி, பங்களா வாசலில், சொல்லி நிறுத்தியதுபோல் நேராக நின்றது. சத்தம் கேட்டு வெளியே வந்த துரை தொப்பியைக் கழற்றினார். சாமி ஊர்வலம் பங்களா வாசல் வரை வர அனுமதி வேண்டும் என்று எத்தனையோ வருடமாகக் கேட்டுக் கிடைக்காமல் இருந்தது, அம்மன் யாரையும் கேட்காமல் போய்க் காட்டினாள். தேரை நிறுத்தியவர் வேதக்காரராயிற்றே, பரிவட்டம் கட்டலாமா என்று கோயில் வாசலில் பெரிய வாக்குவாதம் நடந்து, கடைசியில் கட்டியேவிட்டார்கள். இக்னேசியஸ் அதை அவிழ்க்காமல் அந்த வாரம் மாதா கோயிலுக்கும் போய் வந்தார் என்று கேள்வி.

இனி மீனம்மாவின் விஷயம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் வழியிலேயே பிறந்தவர்கள் ஏராளம். அதனால் வலி கண்டவளை லொறியில் ஏற்றிவிட்டால் மீதியைக் குலுக்கல் பார்த்துக்கொள்ளும் என்பது எங்கள் மருத்துவிச்சி அழகம்மாவின் நம்பிக்கை. ஒருநாள் காலையில் மீனம்மாவுக்கு வலி கண்டது. சாக்குகளை அடுக்கி மெத்தை போட்டு இக்னேசியசின் லொறியில் ஏற்றினோம். கொஞ்ச தூரம் போனதும் முனகல் நின்றுவிட்டது. பதறிப்போய்ப் பார்த்தால், தூங்குகிறாள். ஆஸ்பத்திரி வாசலில் எழுப்பினோம். "வந்துட்டோமாப்பா? நல்ல தூக்கம்" என்று சோம்பல் முறித்தாள். வலியைக் காணோம். இது பொய்வலி, நாள் இருக்கிறது என்று சொல்லி நர்சம்மா சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். அடுத்த வாரமும் அதே கதை, அதே தூக்கம். அழகம்மாவுக்கு ரோட்டின் மேல் கோபம் வந்துவிட்டது. "இந்த ரோடு புள்ளையத் தாலாட்டி வயித்துக்குள்ளயே தூங்க வெக்கிதுங்க ஐயா" என்றாள். சண்முகவடிவு அதையும் நம்பி, "இக்னேசியஸ் தம்பி, கொஞ்சம் பள்ளமாப் பாத்து விடுங்களேன்" என்று கேட்க, "பள்ளத்துக்கு நான் எங்கங்கக்கா போவேன்?" என்று அவர் கையை விரித்தார்.

அடுத்த தடவை சிரிக்க முடியவில்லை, சம்பந்தி. மத்தியானம், நல்ல மழை, நான் மலையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து ஆள் வந்து ஓடிப்போனால், அழகம்மா மீனம்மா படுத்திருந்த காம்பிரா வாசலில் நிற்கிறாள். எந்த நேரமும் யாரையாவது ஏசிக்கொண்டிருக்கிறவள் மெதுவாகப் பேசினாள். "ஐயா, புள்ள திரும்பிக் கெடக்கு. காலுதான் தட்டுப்படுது. இனி என் கையில ஒண்ணும் இல்லீங்க. சுறுக்கா எறக்குங்க, ஆனா வண்டி குலுங்கவே கூடாது." இக்னேசியஸ் பாதி ஏற்றிய கொழுந்தை மழையில் அப்படியே இறக்கிப் போட்டுவிட்டு வந்தார். நான் பின்னால் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். சண்முகவடிவு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லொறி அந்த இறக்கத்தில் போன வேகத்தில் நான் எந்த வண்டியிலும் போனதில்லை. ஆனால் என் மடியில் இருந்த தலை ஒரு தடவைகூட எகிறவில்லை. மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் வடிந்து ஓட, நடுவில் ரோடு கறுப்பாகப் பளபளத்து நீண்டு கிடந்தது. அந்த நேரம் நான் அம்மனைக் கும்பிட்டேனா, ரோட்டைக் கும்பிட்டேனா என்று எனக்கே தெரியாது. "வந்துட்டோமாப்பா?" என்று மீனம்மா கேட்டாள். இந்தத் தடவை அவள் தூங்கவில்லை, உதடெல்லாம் வெளுத்திருந்தது. "இந்தா வந்துட்டோம்மா, இந்தா வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பொழுது சாயும்போது டொக்டர் ஐயா வெளியே வந்தார். தாயும் பிள்ளையும் சுகம், ஆண் குழந்தை என்று சொல்லிவிட்டு, "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ரெண்டு பேரையும் காப்பாத்தியிருக்க முடியாது. டயகமப் பக்கமிருந்து இவ்வளவு கெதியா எப்படிக் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார். "தார் போட்டிருக்காங்கய்யா" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. இக்னேசியஸ் என்னைத் தேத்தண்ணிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

தங்களுக்குத் தெரியாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். மீனம்மாவுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன் இருந்திருக்க வேண்டும். சண்முகவடிவை மாட்டு வண்டியில் ஏற்றி, இதே ரோட்டில், இதே மாதிரி மழையில் கொண்டுபோனோம். அக்கரப்பத்தனைக்கு முன்னாலேயே சக்கரம் சேற்றில் புதைந்தது. தூக்கினோம், மறுபடி புதைந்தது. ஆஸ்பத்திரியில் தாயை மட்டும்தான் எழுப்பிக் கொடுத்தார்கள். வளைகாப்பு அன்று தாங்கள் ரோட்டைப் பழித்தபோது சண்முகவடிவு சட்டென்று உள்ளே போனாள். பாயசம் எடுத்துவரப் போனாள் என்று தாங்கள் நினைத்திருப்பீர்கள். ஆகையால், வீரய்யாவுக்குத் தார் ரோட்டுப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று அங்கே யாராவது சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், நான் மறுக்கப் போவதில்லை.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். தீட்டுக் கழிந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குப் பெயர் வைக்க நாள் பார்த்திருக்கிறோம். தாங்களும் சம்பந்தியம்மாவும் அவசியம் காரில் வரவேண்டும். கூரையில் தலை முட்டினால் என்னைக் கேளுங்கள். வந்து, பெயர் வைத்து, ஆசீர்வாதம் செய்துவிட்டு, மீனம்மாவையும் பிள்ளையையும் தீபாவளி வரைக்கும் எங்களோடு விட்டுப் போகவேண்டும். மூன்றாம் மாதமே அனுப்புவதுதான் முறை என்று தாங்கள் சொல்வீர்கள். ஆனால் வைகாசி கடந்தால் வட்டவளைப் பக்கம் பெய்கிற மழை எப்படிப்பட்டது என்பது தண்டவாளத்தில் நனைகிற தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பச்சைக் குழந்தைக்கு அந்த ஈரம் ஆகாது. மாப்பிள்ளை தான் வேலை செய்கிற ஹட்டன் மோட்டார் கராச்சிலிருந்து வாராவாரம் வந்து பார்த்துப் போகலாம், ரோடுதான் இருக்கிறதே. பிள்ளை இப்போது என் குரலுக்குத் தலையைத் திருப்புகிறான். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் என் விரலைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. இந்த ஒரு தடவை தாங்கள் மனம் இரங்கவேண்டும்.

பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும், சிறியவர்களுக்கு ஆசீர்வாதமும், தங்கள் வாசலில் நின்றுபோகும் எல்லா ரயில்களுக்கும் எங்கள் மரியாதையும் உரித்தாகட்டும். அம்மன் அருளால் தங்கள் குடும்பமும் தண்டவாளமும் எந்த மழைக்கும் அசையாமல் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
வீரய்யா

பின்குறிப்பு: திங்கட்கிழமை. மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இன்று காலை பெரட்டு முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒரு கார். கராச்சு முதலாளியின் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை வந்திருக்கிறார். கார் வந்து நின்ற சத்தமே எனக்குக் கேட்கவில்லை. மீனம்மா மூட்டை கட்டி, பிள்ளைக்குப் பொட்டு வைத்து, கிளம்பி நிற்கிறாள். "என்னம்மா இது?" என்றேன். "நீங்கதானேப்பா சொன்னீங்க, இந்த ரோட்டுல புள்ள முழிக்காமப் போகலாம்னு. அவருக்கும் ஆக்கிப்போட ஆளில்ல. பேரு அங்கயே வெச்சுக்கலாம்ப்பா" என்றாள். "நாள் பாக்க வேணாமா?" என்று கேட்டேன். "நேத்தே பாத்தாச்சு" என்று உள்ளேயிருந்து சண்முகவடிவு குரல் கொடுத்தாள். நான் தங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் மகளுக்குப் பேறுகால மருந்துச் சரக்குப்பொடி இடித்துக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பழைய ரோடாக இருந்தால் காருக்குப் பின்னால் ஓடியாவது அக்கரப்பத்தனை வரை பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போயிருப்பேன். இந்த ரோட்டில் நான் கண்ணைத் துடைப்பதற்குள் கார் வளைவு தாண்டிவிட்டது.

அதனால் தாங்கள் வரவேண்டாம். நாளைக்கு முதல் பஸ்ஸில் நானும் சண்முகவடிவும் அங்கே வருகிறோம். துரையிடம் லீவு சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் கையோடு கொண்டுவருகிறேன், வாசலில் நிற்கும்போது தாங்கள் படித்துக்கொள்ளுங்கள், நேருக்கு நேர் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. படித்து முடித்ததும் ஒரு பாயை விரித்துப் போடச் சொல்லுங்கள். எப்போது திரும்பிப் போவீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.